பணத்துக்கும் பந்தலுக்கும் மட்டும்தானா பெற்றோர்?

மதிப்புக்குரிய அதிபர் அருட்சகோதரி அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவினருக்கும், பங்குத்தந்தை அவர்களுக்கும்,

வணக்கம்.

சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் பிள்ளைகளின் கொப்பிக்குள் செருகப்பட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறது. வேலைநாள், பிற்பகல் இரண்டு மணி, பிரதான மண்டபம். நிகழ்ச்சி நிரலில் இறைவணக்கம், சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, புதிய நிருவாகத் தெரிவு, மலசலகூடத் திருத்தம், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான நிதி, ஏனையவை. ஐந்து தரங்கள் கொண்ட ஓர் ஆரம்பப் பாடசாலையின் பெற்றோர் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது வருடத்தில் இந்த ஒரு நாள்தான். அதில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. 'ஏனையவை' என்பதற்குள் அதுவும் அடங்கும் என்று நீங்கள் சொல்லலாம். அந்த இடத்துக்கு வரும்போது மணி நான்காகிவிடும், பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இந்தப் பாடசாலை மீது எனக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை. என் அம்மா இதே வளவில்தான் அரிச்சுவடி படித்தார். என் மகள் இப்போது மூன்றாம் தரத்தில் இருக்கிறாள். நாங்கள் சைவக் குடும்பம். வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு வந்து, வாசலில் மாதா சொரூபத்தைக் கடக்கும்போது கைகூப்பிவிட்டு வகுப்புக்குள் ஓடும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அதை இங்கே யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. அந்த இயல்பை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் வேறு பாடசாலை இருந்தும், பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறோம். ஆகவே வெளியில் நின்று கல்லெறிபவளின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பெற்றோரின் பங்களிப்பு என்று மேடையில் சொல்லும்போதெல்லாம் எங்கள் பணத்தையும் எங்கள் உடல் உழைப்பையும் மட்டுமே நீங்கள் கணக்கில் எடுக்கிறீர்கள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சிலும் எங்களுக்கு இடம் தாருங்கள்.

உழைப்புக்கு நாங்கள் பின்நிற்பதில்லை. முதலாம் தரத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழாவுக்கு வாழை கட்டியது தகப்பன்மார். விளையாட்டுப் போட்டிக்கு இல்லங்களைச் சோடித்தது, நத்தாரையொட்டிய ஒளி விழாவுக்குப் பலகாரம் சுட்டது, போசாக்கு உணவுக்கு விடியற்காலையில் தேங்காய் துருவுவது எல்லாம் தாய்மார். சிரமதானம் என்றால் மண்வெட்டி, கத்தி, விளக்குமாறோடு சனம் வருகிறது. கடந்த சிரமதானத்தில் ஒன்றைக் கவனித்தேன். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து திருகோணமலை நகரெங்கும் அலையும் மான்கள் நம் வேலி இடுக்காலும் நுழைந்து, சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் தாள்களை மென்றுகொண்டிருந்தன. குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போட வேண்டும் என்று இரண்டு தாய்மார் சொன்னார்கள். அடுத்த கிழமையே மூடி போட்டாகிவிட்டது. மெத்தச் சந்தோசம். குப்பைத் தொட்டியைப் பற்றி நாங்கள் சொன்னால் கேட்கிறீர்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றி எங்கே, எந்த நாளில், யாரிடம் சொல்வது?

தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாள் இருக்கிறதே என்பீர்கள். அந்த நாள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வகுப்பு வாசலில் வரிசை. உள்ளே ஆசிரியை மேசையில் அறிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறார். நாற்பது பிள்ளைகள், ஒன்றரை மணித்தியாலம். ஆளுக்கு இரண்டேகால் நிமிடம்தான் தேறும். பின்னால் நிற்பவர்களின் காதுக்கு எட்டும்படிதான் எல்லாம் பேசப்படுகிறது. கடந்த தவணை எனக்கு முன்னால் ஓர் அம்மம்மா நின்றார். பேரனின் தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் வேறாகப் போய்விட்டார். பேரன் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுகிறான் என்று ஆசிரியை சொன்னார். லகரமும் ளகரமும் குழம்புகின்றன, கொம்பு போட வேண்டிய இடத்தில் கால் போடுகிறான். சொன்னதில் பிழையே இல்லை, அக்கறையோடுதான் சொன்னார். அதற்கு மேல், "வீட்டில் இன்னும் கவனம் எடுக்க வேண்டும்" என்று முடித்தார். அம்மம்மா தலையாட்டிவிட்டு, கையெழுத்து எங்கே வைப்பது என்று கேட்டார். அவருக்கே வாசிப்பு அவ்வளவாக ஓடாது என்பது ஊருக்குத் தெரியும். வீட்டில் என்ன கவனம், எப்படி எடுப்பது? பத்து நிமிடம் சத்தமாக வாசிக்க விடுவதா, பிள்ளை சொல்லச் சொல்லக் கதை கேட்பதா, மண்ணில் எழுதிக் காட்டுவதா? ஒன்றும் சொல்லப்படவில்லை. சொல்ல நேரமும் இல்லை. அடுத்தது என் முறை. எனக்கும் அதே வசனம்தான் கிடைத்தது.

ஆசிரியர்கள் மீது நான் பழி போடவில்லை. நாற்பது பிள்ளைகளையும், மேலிடத்துக்கு நிரப்ப வேண்டிய படிவங்களையும் வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எங்களுக்குக் கண்கூடு. நான் சொல்வது ஏற்பாட்டின் குறையை.

இனிக் கூட்ட நேரம். பிற்பகல் இரண்டு மணிக்கு இந்த ஊரில் யாரால் வர முடியும்? திருக்கடலூர்த் தகப்பன் இரவு கடலுக்குப் போய் விடியலில் கரையேறுகிறார். மீனை விற்று, வலையைச் சீராக்கி, சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயரும் நேரம் அது. சீனக்குடாத் தொழிற்சாலைகளில் முறைவேலை செய்பவர், முறை மாறும் நேரத்தில் நகருக்கு வந்து திரும்ப முடியாது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்கு வெளிநாட்டவர் வரும் பருவத்தில் விடுமுறை கேட்கவே வாய் வராது. கடைகளில் நிற்கும் தாய்மார் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மிஞ்சுவது வீட்டில் இருக்கும் தாய்மாரும், கந்தோரில் சொல்லிவிட்டு நழுவி வரக்கூடிய சிலரும். கூட்டம் தொடங்கியதும் மேடையிலிருந்து, "பெற்றோருக்கு அக்கறை போதாது" என்று ஒரு நீண்ட கண்டனம். வராதவர்களுக்கான ஏச்சு முழுவதும், வேலை மினைக்கெட்டு வந்தவர்களின் தலையில்தான் விழுகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து அதைக் கேட்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

கடலோரத்துப் பாடசாலைக்குக் கடலின் நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டாமா? வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் நவம்பரிலிருந்து கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கிறது, படகுகள் கரையில் கிடக்கின்றன, தகப்பன்மார் வீட்டில் இருக்கிறார்கள். மூன்றாம் தவணையின் கடைசிப் பகுதியும் அதுதான். அந்த வாரங்களில் தகப்பன்மாரை மட்டும் குறிவைத்து ஒரு கூட்டம் வைத்துப் பாருங்கள். மழை நாளில் யார் வருவார்கள் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டாராம். மழையென்றால் தொழிலுக்குப் போகாதவர்கள் வருவார்கள்.

திருச்சபைச் சட்டத்தை உங்களிடம் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரித்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதலாவதும் முதன்மையானதுமான ஆசிரியர்கள் பெற்றோரே என்கிறது. 1983 இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796 ஆவது பிரிவு இன்னும் ஒரு படி இறங்கி வந்து பேசுகிறது. பெற்றோர் ஆசிரியர்களோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரோடு நெருங்கிச் செயற்பட வேண்டும், பெற்றோர் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், அவர்களுக்கான சங்கங்களும் கூட்டங்களும் அமைக்கப்பட்டு மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. கத்தோலிக்கப் பெற்றோர் என்று அந்த இடத்தில் அது வரையறுக்கவில்லை என்பதையும் மரியாதையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

இந்த நாட்டில் அந்த வாதத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1960 இலும் 1961 இலும் கொண்டுவரப்பட்ட சட்டங்களால், அரச உதவியோடு மத அமைப்புகள் நடத்திவந்த உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, பிள்ளைக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று தீர்மானிக்கும் முதல் உரிமை பெற்றோருக்கே என்று திருச்சபை உரத்துச் சொன்னது. மேற்குக் கரையில் கத்தோலிக்கத் தாய் தகப்பன்மார் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். இறுதியில் பெரும்பாலான பாடசாலைகள் அரசின் கைக்குப் போயின. நம்முடையதும் இன்று அரசப் பாடசாலைதான், பெயரும் மரபும் மட்டும் பழையவை. அந்தப் பொறுப்பேற்பு சரியா பிழையா என்று வாதாடுவது என் நோக்கமில்லை. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பலனை அனுபவித்த குடும்பம் எங்களுடையது. என் கேள்வி வேறு. பெற்றோரின் உரிமைக்காக அன்று அவ்வளவு உரத்துப் பேசிய ஒரு மரபின் வாசலுக்குள், இன்று பெற்றோர் கதிரை அடுக்குவதற்கு மட்டும் அழைக்கப்படுவது எப்படி?

நீங்கள் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். பிள்ளைகளே கடை போட்டு விற்கும் சிறுவர் சந்தை. இந்த வருடம் அதற்கு வந்த சனத்தை நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கே வளவு நிறைந்துவிட்டது. முருங்கைக்காய், வல்லாரை, பொன்னாங்காணி, எலுமிச்சம்பழம், அவித்த கடலை, கச்சான் சுருள், பனங்கிழங்கு, ஒரு மூலையில் கருவாடு. முதலாம் தரத்துக் குஞ்சுகள் விலை தெரியாமல் எல்லாவற்றுக்கும் நூறு ரூபாய் என்றார்கள். தன் தோட்டத்துக் கறிவேப்பிலையைத் தானே காசு கொடுத்து வாங்கிய தாயைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அருட்சகோதரியும் பேரம் பேசினார், தோற்றார்.

அந்தக் குவைத்துப் பிள்ளையின் அம்மம்மாவும் அன்று வந்திருந்தார். பேரனின் கடையில் தேங்காயும் கீரையும். கணக்கில் அவன் தடுமாறியபோது அவர் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய்க் குற்றிகளைச் சாக்கின் மேல் வரிசையாக வைத்து, "அவங்கள் தந்த நூறுக்கு இதிலிருந்து ஏறிக்கொண்டு போ" என்றார். தேங்காயின் விலையிலிருந்து நூறு வரை பேரன் ஒவ்வொரு குற்றியாக நகர்த்தி எண்ணி மிச்சக்காசு கொடுத்தான். அடுத்த வாங்குனருக்கு அவராகவே ஒதுங்கி நின்றுவிட்டார். காலமெல்லாம் சந்தையில் இருந்து வியாபாரம் செய்த பெண். கழித்தலைக் கூட்டலாக்கிக் கற்பிக்கும் அந்த வழி ஆசிரிய பயிற்சியில் சொல்லித் தரப்படும் வழிதான் என்று பக்கத்தில் நின்ற ஆசிரியை வியந்தார். தேர்ச்சி அறிக்கை வரிசையில் வாய் திறக்காமல் நின்ற அதே ஆள்.

சந்தைக்குச் சனம் ஏன் வந்தது? திகதி ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்தது. காலை நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. நிதி கேட்கப்படவில்லை. இவ்வளவும் வகுப்புக் கூட்டத்துக்கும் பொருந்தும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். வகுப்பு வட்ஸ்அப் குழுவில், காசு கட்டியவர்களின் பெயருக்கு நேரே பச்சைச் சரியும், கட்டாதவர்களின் பெயருக்கு நேரே வெறுமையுமாக ஒரு பட்டியல் மாதாமாதம் வருகிறது. யார் தொடங்கினார்கள் என்று ஆராய வேண்டாம், நிறுத்துங்கள். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வீடுகள் இன்னும் முழுதாக நிமிரவில்லை. நாளுக்கு நாள் உழைக்கும் தகப்பனின் பெயருக்கு எதிரே வெறும் கட்டம் இருப்பதைக் குழுவில் எல்லோரும் பார்க்கிறார்கள். அவருடைய மகள் என் மகளிடம், "எங்கட அப்பா இந்த மாசம் கட்டிடுவார்" என்று தானாகவே வந்து சொன்னாள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய சுமையா இது? இப்படிப் பட்டியலில் வெறுமையாகத் தொங்கும் தகப்பன் கூட்டத்துக்கு வராமல் இருப்பதன் காரணத்தை மேடையிலிருந்து தேட வேண்டியதில்லை. கணக்கைப் பொருளாளர் தன் புத்தகத்தில் வைத்திருக்கட்டும். முடியாதவர் தனியே வந்து சொல்லட்டும். செலவுக் கணக்கை மட்டும் எல்லோரும் பார்க்கத் தாருங்கள்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்த கைவேலையைத் தாங்களே இரவிரவாகச் செய்து, பிள்ளையின் பெயரை எழுதி அனுப்பும் தாய்மார் இருக்கிறோம். அட்டைப்பெட்டியில் கட்டிய கோணேசர் கோயில் கோபுரத்தைப் பார்த்தாலே தெரியும், அது எட்டு வயதுக் கையால் ஆனதல்ல என்று. வாசலில் நின்று மற்றவர்களின் புள்ளிகளை விசாரிக்கும் வழக்கமும் நல்லதல்ல. ஆசிரியைக்கு இரவு பத்து மணிக்குக் குரல்பதிவு அனுப்புபவர்களை நான் பாதுகாக்க மாட்டேன்.

ஆனால் இந்தப் போட்டிக் காய்ச்சலை வளர்ப்பதில் பாடசாலைக்கும் பங்கு உண்டு. படிப்பைப் பற்றிய பெற்றோர் கூட்டமே இங்கு நடப்பதில்லை என்று நான் எழுதினால் அது தவறு. நடக்கிறது, ஐந்தாம் தரத்துக்கு மட்டும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். மாதிரி வினாத்தாள், விடியற்கால வகுப்பு, பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு ரியூசன். நாடு முழுவதும் வருடந்தோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது அதில் சிறு பகுதியே. தாண்டியவர்களின் படங்கள் பதாகையாகி மதிலில் ஏறுகின்றன. மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழால் நடந்து போகிறார்கள். அந்தப் பதாகை வேண்டாம் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். பெரும்பாலான பெற்றோர் என்னோடு உடன்பட மாட்டார்கள் என்பதும் தெரியும்.

பெரும்பான்மை உடன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை வாசிக்கப் பழகுவது ஒன்றாம், இரண்டாம் தரங்களில். அங்கே கோட்டை விட்டால் பிறகு ஒவ்வொரு பாடத்திலும் இடறும். சுற்றாடல் பாடத்தில் கேள்வி விளங்காது, கணிதத்தில் வசனக் கணக்கு ஓடாது, ஐந்தாம் தரத்தில் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும். பெற்றோரோடு அடிக்கடி உட்கார்ந்து பேச வேண்டிய காலம் அதுதான். நாமோ அந்தக் காலத்தில் பேசாமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்து பரீட்சை வாசலில் நிற்கும்போது கூட்டங்களைக் குவிக்கிறோம். முறையைத் தலைகீழாக்குங்கள். ஒன்றாம், இரண்டாம் தரப் பெற்றோரைத் தவணையில் இரண்டு தடவை, வகுப்பு வகுப்பாக, பத்துப் பதினைந்து பேராகக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் அந்த மாதம் என்ன படிக்கிறார்கள் என்று ஆசிரியை கால் மணித்தியாலம் சொல்லட்டும். வீட்டில் செய்யக்கூடிய ஒரேயொரு காரியத்தைச் செய்து காட்டட்டும். பிறகு நாங்கள் பேசுகிறோம், அவர் கேட்கட்டும். வாசிக்கத் தெரியாத அம்மம்மா, அப்பப்பாவும் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். பிள்ளை வாசிக்க, கேட்டுக்கொண்டிருப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. அறிவித்தல்களிலும் 'தாய் தந்தையர்' என்று மட்டும் எழுதாமல் பாதுகாவலரையும் சேர்த்து எழுதுங்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பேத்தி, பேரன்களாகவே வளர்கிறார்கள் என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியும்.

எங்கள் கைத்தொழிலையும் வகுப்புக்குள் அழைக்கலாம். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமே அதற்கென்று செய்து வைத்தது போல இருக்கிறது. வலை பின்னுபவர், தச்சர், தாதி, தபால் ஊழியர், கோயில் சிற்ப வேலை செய்பவர் என்று நம் பெற்றோருக்குள் இல்லாத தொழிலா? ஆசிரியை வகுப்பிலேயே இருக்க, முன்கூட்டியே பெயர் பதிந்து, அரை மணித்தியாலம். பாதுகாப்பு என்ற பெயரில் வாசலைப் பூட்டிவைப்பதை விட, ஒழுங்கோடு திறந்துவிடுவது பிள்ளைகளுக்கு நல்லது.

பங்குத்தந்தை அவர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். ஒளி விழா ஏற்பாட்டுக் குழு பங்கு மக்களுக்குள்ளேயே அமைகிறது. எங்களுக்குப் பலகாரப் பட்டியல் மட்டும் வருகிறது. பலகாரம் சுடுவதில் குறையொன்றும் இல்லை. என் சீனி அரியதரத்துக்குப் பங்கில் நல்ல பெயர் உண்டு. ஆனால் வாணி விழாவுக்கு அருட்சகோதரி எங்களோடு நிலத்தில் அமர்ந்து மாலை கட்டுகிறார். பிள்ளைகளுக்கு அவர் பொட்டு வைத்துவிடுவதைப் பார்த்து என் அம்மா கண் கலங்கினார். அந்த உரிமையை எங்களுக்கும் தாருங்கள். எங்களையும் அந்த மேசையில் இருத்துங்கள், முஸ்லிம் தாய்மாரையும் சேர்த்து. அவர்களும் இந்தப் பாடசாலையின் பெற்றோர்தான், விழா நாட்களில் மட்டும் பின்வரிசையில் விருந்தாளியாகிவிடுகிறார்கள்.

பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பின்னேரங்களில் ஆலய முற்றத்தில் தனியே உலாவுபவர்களை நான் காண்கிறேன். பங்கு மண்டபம் வார நாட்களில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு பின்னேரம் அதைத் திறந்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை அந்த ஆசிரியர்களிடம் அனுப்பி வைத்தால் என்ன? காசு வாங்காத, பரீட்சை வைக்காத, மதம் பார்க்காத ஓர் இடம். ரியூசனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்ச் செலவை மூன்றாம் தரப் பெற்றோர் நாங்கள் ஏற்கிறோம். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இவற்றில் எதற்கும் வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிபரே சங்கத்தின் தலைவர். செயற்குழு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் முடிவெடுக்கலாம்.

ஆகவே என் கோரிக்கை: பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில், கணக்கறிக்கைக்கு முன்னால், 'பிள்ளைகளின் கற்றல்' என்று ஒரு விடயத்தைச் சேருங்கள். மலசலகூடத் திருத்தம் அவசரம்தான், அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். இந்த முறை மாற்ற முடியாவிட்டால், முறைவேலை செய்பவர்களுக்காக அதே வாரத்தில் ஒரு காலைக் கூட்டமும் வையுங்கள். மூன்றாம் தரத்தில் யார் யாருக்கு எந்த நேரம் வசதி என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொள்ள நானும் இன்னும் மூன்று தாய்மாரும் தயாராக இருக்கிறோம். தகப்பன்மாரைக் கடற்கரையிலேயே பிடிப்பதாக ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

பதிலை எழுத்தில் தாருங்கள், அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம். அங்கே அது பூப்படம் போட்ட காலை வணக்கங்களுக்குள் அரை மணித்தியாலத்தில் காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
மூன்றாம் தர மாணவியின் தாய்,
திருகோணமலை.